கட்டைக் கணக்கு தெரிந்தால் சிகாகோவில் தொலைய மாட்டீர்கள்

என் அண்ணன் மகள் சிகாகோவுக்குப் படிக்கப் போகிறாள் என்றதும் வீட்டில் ஆளாளுக்குக் குளிர்ச்சட்டை வாங்கிக் கொடுத்தார்கள், அத்தைமார் ஊறுகாய் கட்டிக் கொடுத்தார்கள். நான் அவளைக் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் கடைக்கு (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) கூட்டிப் போய், தே தாரிக் என்ற ஆற்றின டீ சொல்லிவிட்டு, பில்லின் பின்பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டேன். "இதுதான் ஊரு. மத்ததெல்லாம் கணக்கு."

"கூகள் மேப் இருக்கே சித்தப்பா" என்றாள். இருக்கிறது, யார் இல்லை என்றது. ஆனால் ஜனவரி மாதம் பனியில் நின்றுகொண்டு கையுறையைக் கழற்றிப் போனைத் தேய்க்க விரல் வராது, குளிரில் பேட்டரியும் மடமடவென்று இறங்கும், அப்புறம் சில இடங்களில் கூகளே திருதிருவென்று முழிக்கும் (அதைப் பிறகு சொல்கிறேன்). ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டால் போதும், படிக்கப் போகிறவர்களுக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் முப்பது வருஷம் கோலாலம்பூரில் லோரி ஓட்டியவன். நம் ஊர்ச் சாலைகள் ஆற்றுக்காக வளைந்து, மேட்டுக்காக வளைந்து, பழைய ஈயக் குட்டையைச் சுற்றிப் போகிறவை. ஒரு திருப்பத்தை விட்டால் அடுத்த யூ-டர்ன் வரைக்கும் விமோசனம் கிடையாது. அப்படிப் பழகியவன் மூன்று மாதம் தங்கை வீட்டில் தங்கப் போய், ஒரு மாநகரமே கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி கிடப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? முதல் வாரம் எனக்கு எல்லாத் தெருவும் ஒரே மாதிரி தெரிந்தது. இரண்டாவது வாரம்தான் பிடிபட்டது, அடடே, இது நம்ம கட்டைக் கணக்குதானே என்று.

கட்டை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு மைல். பட்டணத்திலிருந்து இத்தனையாவது மைல் என்று சாலையோரம் கல் நட்டிருப்பார்கள், அதை வைத்தே ஊருக்குப் பேர். செராஸ் ஒன்பதாவது கட்டை, பழைய கிள்ளான் சாலை மூன்றாவது கட்டை, உலு லங்காட் பதினாலாவது கட்டை. மலாயில் பத்து என்றால் கல், பத்து தீகா (மூன்று), பத்து அம்பாட் (நாலு) என்பதும் இதுதான். கல் போய்விட்டது, பேர் நிற்கிறது. சிகாகோவில் கல்லை ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அடித்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கணக்குக்கு வருவோம். நகரத்தின் நடுவில் ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முச்சந்தி, இல்லை, நாற்சந்தி. அதுதான் பூஜ்யம். ஸ்டேட் தெரு தெற்கு வடக்காகப் போகிறது, அதற்கு இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. மேடிசன் கிழக்கு மேற்காகப் போகிறது, அதற்கு மேலே வடக்கு, கீழே தெற்கு. பில்லில் நான் போட்ட கூட்டல் குறி இதுதான். நகரத்தில் எந்த முகவரியை எடுத்தாலும் அது இந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று சொல்லிவிடும். 800 எண் ஒரு கட்டை. இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். 800 ஒரு கட்டை, 400 அரைக் கட்டை, 100 என்றால் ஒரு பிளாக், நம் கணக்கில் சுமார் 200 மீட்டர். பிளாக் என்றதும் அடுக்குமாடி பிளாக் ஏ, பிளாக் பி என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே அது இரண்டு குறுக்குத் தெருவுக்கு இடைப்பட்ட தூரம். நடுவில் சின்னச் சின்னத் தெருக்களும் வரும், அதனால் தெருக்களை எண்ணாதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

இதைக் கொண்டுவந்தவர் எட்வர்ட் பிரென்னன் என்பவர். பெரிய பொறியாளர் இல்லை, அப்பாவின் மளிகைக் கடைச் சாமானை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து அலைந்தவர். அதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது, சாமான் இறக்கப் போய் ஒரே பேரில் இரண்டு தெருவைப் பார்த்துக் கடுப்பானவனுக்குத்தானே அந்த வலி தெரியும். 1908-இல் நகராட்சி மன்றம் ஒப்புக்கொண்டு 1909 செப்டம்பரில் புது எண் அமலுக்கு வந்தது, நடுப்பட்டணத்துக்கு மட்டும் 1911-இல். எவ்வளவு மாறியது என்பதற்கு ஒரு சான்று: 1871-இல் ஊரையே எரித்த பெருந்தீ ஒரு மாட்டுக் கொட்டகையில் பிடித்தது, அந்த வீட்டு எண் அப்போது 137 டி கோவன் தெரு. இன்று அந்த இடத்தில் தீயணைப்புப் படைப் பயிற்சிப் பள்ளி நிற்கிறது (பொருத்தத்தைப் பாருங்கள்), முகவரி 558 மேற்கு டி கோவன். 137 என்றால் ஒன்றும் புரியாது. 558 மேற்கு என்றால் ஸ்டேட் தெருவிலிருந்து முக்கால் கட்டைக்கும் குறைவு, நடந்தே போகலாம்.

கட்டைக்கு ஒரு பெரிய தெரு வரும், அவற்றைத் தெரிந்துகொண்டால் மற்றவை தானாக அடங்கும். மேற்கே போகும்போது ஹால்ஸ்டெட் 800, ஆஷ்லண்ட் 1600, வெஸ்டர்ன் 2400, கெட்ஸி 3200, புலாஸ்கி 4000, சிசரோ 4800. வடக்கே சிகாகோ அவென்யூ 800, நார்த் அவென்யூ 1600, ஃபுலர்ட்டன் 2400, பெல்மாண்ட் 3200, இர்விங் பார்க் 4000, லாரன்ஸ் 4800, பிரின் மார் 5600, டெவான் 6400. புலாஸ்கியைத் தாண்டியதும் தெருப் பேரெல்லாம் வரிசையாகக் கே எழுத்தில் ஆரம்பிக்கும்: கார்லாவ், கீலர், கில்டேர், கோஸ்ட்னர். ஏன் என்று பார்த்தால், கிழக்கே இண்டியானா மாநில எல்லையிலிருந்து அது பதினோராவது கட்டை, கே பதினோராவது எழுத்து. அடுத்த கட்டைக்கு எல், அதற்கடுத்து எம். இது தெரிந்துகொண்டு ஒரு காரியமும் ஆகப்போவதில்லை, இருந்தாலும் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து சரிபார்க்க நன்றாக இருக்கும்.

தெற்கே ஒரு சின்ன வில்லங்கம் இருக்கிறது. முதல் மூன்று கட்டைக்கு 800 கணக்கு செல்லாது. ரூஸ்வெல்ட் சாலை 1200-இல் முதல் கட்டை, சர்மாக் 2200-இல் இரண்டாவது, 31-ஆம் தெரு மூன்றாவது. அதன்பிறகு ஒழுங்காக எட்டெட்டுத் தெருவாகப் போகும், 39, 47, 55, 63, 71 என்று. தெற்கில் தெருவுக்குப் பேரே எண்தான் என்பதால் எனக்கு நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். தெரு எண்ணில் 7-ஐக் கழித்து 8-ஆல் வகுத்தால் கட்டை வந்துவிடும். 63-ஆம் தெருவா, 7 போனால் 56, எட்டால் வகுத்தால் 7, ஆகவே ஏழாவது கட்டை. 31-க்கு மேல் எந்தத் தெருவுக்கும் சரியாக வரும், போட்டுப் பாருங்கள். பஸ்ஸும் இதற்குத் துணை செய்யும், 63-ஆம் தெருவில் ஓடுவது 63-ஆம் எண் பஸ், 79-ஆம் தெருவில் 79. ஆனால் 63-ஆம் ஸ்ட்ரீட் வேறு, 63-ஆம் பிளேஸ் வேறு. பிளேஸ் என்பது அரை பிளாக் தள்ளி உள்ள சின்னத் தெரு. சாப்பாடு ஆர்டர் பண்ணும்போது இதைக் கோட்டை விட்டால் உங்கள் நூடுல்ஸ் பின்வீட்டுக்காரருக்குப் போகும்.

எந்தப் பக்கத்துக் கட்டடம் என்பதையும் எண்ணே சொல்லும். இரட்டை எண் தெருவின் வடக்குப் பக்கம் அல்லது மேற்குப் பக்கம். ஒற்றை எண் தெற்கு அல்லது கிழக்கு. இப்போது ஒரு முகவரியை எடுத்துப் பிரிப்போம். பேஸ்பால் ஆடும் ரிக்லி மைதானம், 1914-இல் கட்டியது, முகவரி 1060 மேற்கு அடிசன். அடிசன் தெரு 3600 வடக்கு, 3600-ஐ 800-ஆல் வகுத்தால் நாலரை, ஆகவே நடுப்பட்டணத்திலிருந்து வடக்கே நாலரைக் கட்டை. 1060 மேற்கு என்றால் ஸ்டேட் தெருவிலிருந்து மேற்கே ஒரு கட்டையும் கொஞ்சமும். இரட்டை எண், அதனால் அடிசனின் வடக்குப் பக்கம். போனே இல்லாமல் போய் வாசலில் நிற்கலாம். அண்ணன் மகள் இதைக் கேட்டுவிட்டு ரொட்டி சானாயைக் கீழே வைத்தாள். பில்லை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது அப்போதுதான்.

திசையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள், இது முக்கியம். 1500 வடக்கு கிளார்க் தெருவும் 1500 தெற்கு கிளார்க் தெருவும் ஒரே தெருதான், நடுவில் மூன்று கட்டைக்கும் மேல். ஒவ்வொரு முனையிலும் பச்சைப் பலகை இருக்கும், அதில் தெருப் பேரோடு அந்தத் தெருவின் எண்ணும் திசை எழுத்தும் சின்னதாகப் போட்டிருக்கும். ஒரு முனையில் இரண்டு பலகை. இரண்டையும் படியுங்கள். ஒன்று நீங்கள் மேற்கே எவ்வளவு தூரம் என்று சொல்லும், மற்றது வடக்கே எவ்வளவு என்று சொல்லும். ஒன்றை மட்டும் படித்தவன் கதி என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

தங்கை ஒரு நாள், "நடுப்பட்டணத்திலேர்ந்து ரயில் பிடிச்சு வெஸ்டர்ன் ஸ்டேஷன்ல இறங்கி நில்லுங்கண்ணே, நான் கார்ல வந்து ஏத்திக்கிறேன்" என்றாள். பழுப்பு லைன் என்றும் சொல்லித்தான் இருக்கிறாள், நான் காதில் வாங்கவில்லை. வந்த ரயிலின் படத்தில் வெஸ்டர்ன் என்று இருந்தது, ஏறினேன், வெஸ்டர்ன் என்று அறிவித்தார்கள், இறங்கினேன். கீழே வந்து இருபது நிமிஷம் நின்றேன். போன் வந்தது.

"அண்ணே எங்க நிக்கிறீங்க?"

"வெஸ்டர்ன்லதாம்மா. நீ எங்க?"

"நானும் வெஸ்டர்ன்லதான் நிக்கிறேன். பலகையில என்ன போட்டிருக்கு?"

"வெஸ்டர்ன் அவென்யூ, 2400 டபிள்யூ."

"அது தெரியும். குறுக்கால போற தெரு?"

"கல்லர்ட்டன். 2000 எஸ்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தாள். நான் ஏறியது பிங்க் லைன். அவள் நின்றது பழுப்பு லைன் வெஸ்டர்னில், 4600 வடக்கு. வடக்கே ஆறு கட்டைக்குச் சற்றுக் குறைவு, தெற்கே இரண்டு கட்டைக்குச் சற்றுக் குறைவு, கூட்டினால் ஏழரைக் கட்டை. சனி பிடித்தால் கணக்கில்கூட ஏழரையாகத்தான் வரும் போலிருக்கிறது.

விஷயம் என்னவென்றால் சிகாகோவில் நிலையத்துக்குத் தெருப் பேரை வைத்துவிடுகிறார்கள், அந்தத் தெருவை எத்தனை லைன் வெட்டுகிறதோ அத்தனை நிலையம் ஒரே பேரில். வெஸ்டர்ன் மட்டும் ஐந்து: பழுப்பில் ஒன்று, பிங்க்கில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று, நீலத்தில் இரண்டு. ஆமாம், ஒரே லைனில் இரண்டு வெஸ்டர்ன், ஒன்று ஓஹேர் விமான நிலையம் போகும் பக்கம், இன்னொன்று ஃபாரஸ்ட் பார்க் போகும் பக்கம். அதனால் யாராவது நிலையப் பேர் சொன்னால் லைன் நிறத்தையும் கேளுங்கள், குறுக்குத் தெருவையும் கேளுங்கள். நான் அன்று காரைக்கூட எதிர்பார்த்திருக்க வேண்டாம். வெஸ்டர்ன் நகரத்தின் ஆக நீளமான தெரு, 49-ஆம் எண் பஸ் அதன்மேலேயே நேராக ஓடுகிறது, நின்ற இடத்தில் ஏறியிருந்தால் வளையாமல் திரும்பாமல் அவள் முன்னால் இறக்கிவிட்டிருக்கும். கட்டத்தில் போட்ட ஊரில் அது ஒரு சௌகரியம். தப்பான இடத்தில் இறங்கினாலும் சரியான தெருவில்தான் நிற்கிறோம். (வெஸ்டர்ன் என்ற பேர், ஒரு காலத்தில் நகரத்தின் மேற்கு எல்லை அதுதான் என்பதால். இன்று அதற்கு மேற்கேயும் ஊர் கட்டை கட்டையாக நீள்கிறது.)

ரயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். நடுப்பட்டணத்தில் தலைக்கு மேலே தூண்களில் ரயில் வட்டமடிக்கிறது, லேக், வபாஷ், வான் பியூரன், வெல்ஸ் ஆகிய நான்கு தெருக்களின் மேலே. அந்த வட்டத்துக்குள்ளும் சுற்றியும் உள்ள பகுதியை லூப் என்பார்கள். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நீல லைன், மிட்வே விமான நிலையத்திலிருந்து ஆரஞ்சு. சிவப்பும் நீலமும் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும், மற்றவை ஓடாது, இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் வீடு பார்க்கும்போதே இதை யோசித்துப் பாருங்கள். டிக்கெட்டுக்கு வென்ட்ரா அட்டை, நம் டச் அண்ட் கோ மாதிரி.

திசை குழம்பினால் ஏரியைத் தேடுங்கள். ஏரி எப்போதும் கிழக்கு. ஏரி என்றதும் தித்திவாங்சா ஏரியை நினைக்க வேண்டாம், மிச்சிகன் ஏரிக்கு மறுகரை கண்ணுக்குத் தெரியாது, அலை அடிக்கும், மணல் இருக்கும், உப்பு மட்டும் இல்லை. வடபகுதியில் கிழக்கு முகவரிகள் கொஞ்சமாக இருப்பதும் இதனால்தான், ஸ்டேட் தெருவைத் தாண்டிக் கொஞ்சம் போனால் தண்ணீர் வந்துவிடும்.

இந்தக் கட்டத்தை மீறுகிற தெருக்களும் உண்டு. மில்வாக்கி, லிங்கன், கிளார்க், ஆர்ச்சர், ஆக்டன், எல்ஸ்டன் எல்லாம் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். இவற்றில் பல, ஊர் வருவதற்கு முன்பே பூர்வகுடிகள் நடந்து நடந்து உண்டான பாதைகள். சாய்வுத் தெரு இரண்டு நேர்த் தெருக்களோடு சேருமிடத்தில் ஆறு முனை வரும், அங்கேதான் எல்லோரும் தப்பான தெருவில் திரும்புவார்கள். அந்த முனையில் மட்டும் நின்று, பலகையைப் படித்து, அப்புறம் காலெடுத்து வையுங்கள்.

அடுத்தது வேக்கர் டிரைவ். முன்பே சொன்னேனே, கூகள் முழிக்கிற இடம், அது இதுதான். ஆற்றோடு சேர்ந்து வளைகிற சாலை என்பதால் கிழக்கு வேக்கர், மேற்கு வேக்கர், வடக்கு வேக்கர், தெற்கு வேக்கர் என்று நாலு திசையிலும் அதே பேர். அது போதாதென்று மாடி மேல் மாடி, மேலே ஒரு வேக்கர், கீழே ஒரு வேக்கர், சில இடத்தில் அதற்கும் கீழே ஒன்று. கீழே இறங்கிவிட்டால் ஸ்மார்ட் சுரங்கத்துக்குள் போன மாதிரி சிக்னல் போய்விடும், போனில் உங்கள் புள்ளி ஆற்றுக்குள் மிதக்கும். காரில் இறங்கினால் பதறாமல் நேராகப் போய் மேலே ஏறும் முதல் வழியைப் பிடியுங்கள். நடந்து போகிறவர்கள் மேல் வேக்கரிலேயே இருந்துகொள்ளுங்கள், ஆறும் கட்டடங்களும் அங்கிருந்து பார்க்கத்தான் அழகு.

தெற்கு வேக்கர் 233-இல்தான் வில்லிஸ் டவர். 1996-இல் நம் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் என்று சொல்லி உலகின் உயரமான கட்டடம் என்ற பேரைப் பிடுங்கியது இதனிடமிருந்துதான். 442 மீட்டர், ஆனால் 110 மாடி, நம்முடையது 88. கோபுரத்தின் ஊசி கணக்கில் சேரும், அன்டெனா சேராது என்று தீர்ப்பு. சிகாகோக்காரர்களுக்கு அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை, மலேசியா என்று சொன்னால் சிரித்துக்கொண்டே அதை எடுப்பார்கள், நாமும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டியதுதான். அதற்குக் கட்டமைப்புப் போட்டவர் டாக்கா பக்கத்திலிருந்து போன ஃபஸ்லூர் ரஹ்மான் கான். அங்கே யாரும் அதை வில்லிஸ் என்று சொல்லிக் கேட்கவில்லை, 2009-இல் பேர் மாறியும் சியர்ஸ் டவர்தான். கேஎல்லில் துவாங்கு அப்துல் ரகுமான் சாலையை நாம் இன்னும் பழைய பேரில் பத்து ரோடு என்று சொல்வதில்லையா. லேக் ஷோர் டிரைவும் 2021-இல் பேர் நீண்டு டூசாபில் என்பவர் பேரோடு சேர்ந்தது, மக்கள் வாயில் பழைய பேர்தான். முகவரி எழுதும்போது புதுப் பேர், வழி கேட்கும்போது பழைய பேர்.

பச்சைப் பலகையோடு சில முனைகளில் பழுப்புப் பலகையும் தொங்கும். அது மரியாதைக்கு வைத்த பேர், முகவரிக்கு உதவாது, அதை எழுதிக் கடிதம் போட்டால் திரும்பி வரும். ஆனால் ஒரு பழுப்புப் பலகையை நான் தேடிப் போய்ப் பார்த்தேன். மிச்சிகன் அவென்யூவில், ஆர்ட் இன்ஸ்டிட்யூட் வாசலருகே, சுவாமி விவேகானந்தர் பேர். 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி அவர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். பம்பாயிலிருந்து கப்பலில் போனவர் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் வழியாகத்தான் போனார். பிரிக்பீல்ட்ஸ் ஆசிரமத்து வாசலில் அவர் சிலையை எத்தனை தடவை லோரியில் கடந்திருப்பேன், இங்கே வந்து இந்தப் பலகையின் கீழே நின்றபோது கொஞ்ச நேரம் நகர மனசு வரவில்லை. முகவரி 111 தெற்கு மிச்சிகன். ஒற்றை எண். எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு டெவான் அவென்யூ. 6400 வடக்கு, அதாவது சரியாக எட்டாவது கட்டை. அங்கே உச்சரிப்பு "டிவான்" என்று கடைசியை அழுத்தி வரும். வெஸ்டர்ன் முதல் கலிஃபோர்னியா அவென்யூ வரைக்கும் இந்திய, பாகிஸ்தான் கடைகள்தான், பழுப்புப் பலகையில் ஒரு துண்டுக்குக் காந்தி மார்க் என்று பேர், இன்னொரு துண்டுக்கு ஜின்னா பேர், இரண்டும் ஒரே தெருவில் சண்டையில்லாமல் இருக்கின்றன. அமெரிக்கா முழுக்கக் கிளை வைத்திருக்கும் பட்டேல் பிரதர்ஸ் 1974-இல் முதல் கடை போட்டது இங்கேதான். புளி, கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும், நம் மஸ்ஜித் இந்தியா பக்கம் மாதிரி, ஆனால் பூக்கடை வாசனையை எதிர்பார்க்காதீர்கள். ரயிலில் வருகிறவர்கள் சிவப்பு லைன் லயோலாவில் இறங்கி 155-ஆம் எண் பஸ் பிடியுங்கள். கோழிச்சோறு, மீ வகையறாவுக்கு நாக்கு ஏங்கினால் சிவப்பு லைனிலேயே ஆர்கைல் நிலையம், வியட்நாம் கடைகள் நிறைய, அல்லது சர்மாக் சைனாடவுன்.

வட்டாரப் பேர்களை ஒரேயடியாகக் கற்றுக்கொள்ள முயலாதீர்கள். 1920-களில் சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் ஊரைப் பிரித்துக் கோடு போட்டார்கள், இன்று கணக்கில் 77 பகுதி, ஆனால் மக்கள் பேசுவது அதைவிடச் சின்னச் சின்னப் பேர்களை. பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க் தெற்கே 55-ஆம் தெருவை ஒட்டி, மெக்சிகோ ஓவியச் சுவர்கள் உள்ள பில்சன் 18-ஆம் தெருவில், வியாபார மினுமினுப்பெல்லாம் ஆற்றுக்கு வடக்கே மிச்சிகன் அவென்யூவில். அங்கே ஐ.ஐ.டி. என்றால் இலினாய் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, ஸ்டேட் தெருவில் 33-ஆம் தெருப் பக்கம், இந்தியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்டுவிட்டு வாயைப் பிளப்பதற்கு முன் விளக்கிவிடுங்கள். சவுத் சைட் என்றாலே பயம் காட்டுகிறவர்கள் இருப்பார்கள். ஊரில் பாதிக்கு மேல் சவுத் சைட்தான், அதில் அமைதியான தெருவும் உண்டு, இரவில் ஒதுங்க வேண்டிய தெருவும் உண்டு, வடக்கேயும் அப்படித்தான். வீடு எடுக்கும் முன் அதே பிளாக்கில் குடியிருக்கிறவரைக் கேளுங்கள், இரண்டு கட்டை தள்ளி இருப்பவரை அல்ல.

இன்னொன்று, "சிகாகோவில் இருக்கிறேன்" என்று சொல்லும் நம் ஆட்களில் பாதிப் பேர் சிகாகோவில் இல்லை. நேப்பர்வில், ஷாம்பர்க், அரோரா என்று புறநகரில் இருப்பார்கள். நேப்பர்வில் நடுப்பட்டணத்திலிருந்து கிட்டத்தட்ட முப்பது கட்டை, கிள்ளானில் இருந்துகொண்டு கேஎல் என்று சொல்வதைவிட மோசம். நான் இதுவரை சொன்ன எண் கணக்கெல்லாம் நகருக்குத்தான், புறநகர் பலவற்றில் தனி எண், தனி வளைவு. அரோராவில் பாலாஜி கோயில், லெமாண்ட்டில் குன்றின்மேல் ராமர் கோயில், இரண்டுக்கும் கார் உள்ள சொந்தக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. நெடுஞ்சாலைகளை எண்ணால் யாரும் சொல்ல மாட்டார்கள். விமான நிலையம் பக்கம் போவது கென்னடி, தெற்கே டேன் ரயன், மேற்கே ஐசன்ஹவர், தென்மேற்கே ஸ்டீவன்சன். நாம் எல்டிபி, கெசாஸ் என்று சொல்வது மாதிரிதான்.

கார் வாங்கினால் நிறுத்தும் கதை தனி. டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை சில பெரிய சாலைகளில் விடிகாலை 3 மணி முதல் 7 மணி வரை நிறுத்தக் கூடாது, பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பலகையைப் பாருங்கள். அப்புறம் பெரும்பனி பெய்த மறுநாள் தெருவில் ஒரு காட்சி இருக்கும். மண்வெட்டியால் பனியை வாரிக் காருக்கு இடம் செய்தவர், வேலைக்குப் போகும்போது அந்த இடத்தில் உடைந்த சமையலறை நாற்காலி, துணி தேய்க்கும் பலகை, ஒரு தடவை நான் பார்த்தது குழந்தை உட்காரும் ஆட்டுக்குதிரை, இப்படி எதையாவது வைத்துவிட்டுப் போவார். அதற்கு டிப்ஸ் (dibs, 'இது என் இடம்' என்று பிடித்துவைப்பது) என்று பேர். சட்டப்படி அது செல்லாது, ஆனால் அந்த நாற்காலியை நகர்த்தாதீர்கள். நம் தாமான் குடியிருப்புகளில் பெயிண்ட் டின்னில் சிமெண்டு ஊற்றி வீட்டு வாசலில் வைத்திருப்பார்களே, அதை நகர்த்தினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணன் மகள் ஆகஸ்டில் கிளம்பிப் போனாள். போய்ச் சேர்ந்த மூன்றாவது நாள் இங்கே நள்ளிரவில் போன் டிங் என்றது. ஒரு பச்சைப் பலகையின் படம், வெஸ்டர்ன் 2400 டபிள்யூ என்று. கீழே ஒரு வரி: "சித்தப்பா, நான் எங்க நிக்கிறேன் சொல்லுங்க பாப்போம்?"

இன்னொரு பலகையையும் எடுத்து அனுப்பு என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன்.